பூட்டிய பெட்டியும் வீட்டு நிரலும்

நாச்சாரம் என்றதும் சிக்கந்தராபாத் வட்டாரத்தில் வாழும் தமிழ் நேயர்களுக்கு அங்குள்ள தொழிற்பேட்டை நினைவுக்கு வரும். அங்கிருந்து சற்று வடக்கே, மௌலாலியைக் கடந்து சென்றால், எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷன் ஆஃப் இந்தியா என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் வளாகம் தென்படும். ஈ.ஸி.ஐ.எல். என்னும் சுருக்கப் பெயரே அப்பகுதிக்கு ஊர்ப்பெயராகிவிட்டது. 1967-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் தோன்றிய அந்நிறுவனத்தை முதலில் நடத்தியவர் ஏ. எஸ். ராவ். அருகிலுள்ள குடியிருப்பு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. டிராம்பேயில் வடிவமைக்கப்பட்ட டி.டி.ஸி.-12 என்னும் கணிப்பொறி 1969-இல் இந்நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்தது.

அக்காலத்தில் கணிப்பொறி வாங்குவோர் பெற்றது பெரும்பாலும் யந்திரமும் அதன் கட்டளைகளை விளக்கும் நூல்களுமே. தம் வேலைக்கு வேண்டிய நிரலை அவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். அது சிரமந்தான், ஆயினும் வாங்கியவரே யந்திரத்தின் எஜமானராகவும் இருந்தார். 1978-இல் ஐ.பி.எம். கம்பெனி இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அது விட்டுச் சென்ற யந்திரங்களைப் பேணும் பொறுப்பை ஸி.எம்.ஸி. என்னும் அரசு நிறுவனம் ஏற்றது. பின்னாளில் ஹைதராபாத்தையே தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் அது. செய்தவன் கைவிட்ட யந்திரத்தை மற்றொருவன் உயிரோடு வைத்திருக்கலாம் என்பதை நம் பொறியாளர்கள் அன்றே செய்து காட்டினார்கள். இவ்விரு செய்திகளையும் நேயர்கள் மனத்திலிருத்தினால், இன்று நான் சொல்லப் போகும் கையடக்க விளையாட்டு யந்திரங்களின் வரலாறு எளிதில் விளங்கும்.

உடைமையாளர் தாமே எழுதி இயக்கும் நிரலை ஆங்கிலத்தில் ‘ஹோம்ப்ரூ’ என்கிறார்கள். வீட்டிலேயே காய்ச்சி வடிக்கும் பானத்துக்குரிய சொல் அது. 1975 மார்ச் 5-ஆம் நாள் கலிபோர்னியாவில் ஒரு மோட்டார்க் கொட்டகையில் கூடிய கணிப்பொறி ஆர்வலர்கள் தங்கள் சங்கத்துக்கு அப்பெயரைச் சூட்டினார்கள். சிறுவர் சட்டைப்பையில் அடங்கும் விளையாட்டு யந்திரத்துக்கு அச்சொல் வந்து சேர்வதற்குக் காரணம், அந்த யந்திரங்களில் போடப்பட்ட பூட்டே ஆகும்.

ஜப்பானில் 1989 ஏப்ரல் 21-ஆம் நாள் விற்பனைக்கு வந்தது நின்டெண்டோ கம்பெனியின் கேம் பாய். அதனையும் அதன் வண்ணத்திரை வடிவத்தையும் சேர்த்து உலகெங்கும் ஏறத்தாழ 11 கோடியே 87 லட்சம் விற்றன. நான்கு சாயல் மட்டுமே காட்டும் சிறு திரை. 8 கிலோபைட் நினைவகம். விளையாட்டைத் தாங்கிய கேட்ரிட்ஜைப் பின்புறம் செருக வேண்டும். ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே 256 பைட் அளவுள்ள ஒரு குறுநிரல் முதலில் எழுந்து காவல் காக்கும். கேட்ரிட்ஜின் குறித்த ஓரிடத்தில் நின்டெண்டோ என்னும் வியாபார முத்திரையின் 48 பைட் வடிவம் பிசகின்றி இருக்கிறதா என்று அது ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு புள்ளி மாறியிருந்தாலும் யந்திரம் அப்படியே நின்றுவிடும்.

இதிலுள்ள சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். பூட்டைத் திறக்கும் சாவியே பதிவு பெற்ற முத்திரை. அனுமதியின்றி எவரேனும் கேட்ரிட்ஜ் செய்தால் முத்திரையைத் திருடினார் என்று வழக்குத் தொடுக்கலாம்! ஆனால் இதனையொத்த பூட்டை இன்னொரு யந்திரத்தில் அமைத்த ஸேகா கம்பெனிக்கும் அக்கோலேட் கம்பெனிக்கும் நடந்த வழக்கில், 1992-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்புக் கூறியது. பொருந்தி இயங்கும் நிரலை எழுதுவதற்காக ஒரு யந்திரத்தைப் பிரித்து ஆராய்வது குற்றமன்று. முத்திரையால் குழப்பம் நேர்ந்தால் பூட்டை அவ்வாறு அமைத்தவரே அதற்குப் பொறுப்பு என்பது அதன் சாரம்.

கேம் பாயின் காவல் நிரல் தன் வேலை முடிந்ததும் தன்னை மறைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து அதைப் படிக்க வழியில்லை. 2003-இல் ஆர்வலர் ஒருவர் சில்லின் மேலுறையை அகற்றி, நுண்பெருக்கியின் கீழ் வைத்து, 2,048 பிட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தே எழுதியெடுத்தார். தேய்ந்த கல்வெட்டைப் படியெடுப்பவரின் பொறுமை அது.

2004 டிசம்பரில் வெளிவந்த ஸோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் மிகுந்த ஆற்றலைக் கையில் தந்தது. அதன் முதற்பதிப்புக் காவல் சற்று அயர்ந்திருந்தது. 2005 மே மாதத்திலேயே ஆர்வலர்களின் சொந்த நிரல்கள் அதில் ஓடின. கம்பெனி காவலை இறுக்கிப் புதிய பதிப்பு வெளியிடும். ஆர்வலர் மற்றொரு சந்து கண்டுபிடிப்பர். அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு புகைப்படமே சாவியாயிற்று. படத்தைக் காட்டும் நிரலில் ஒரு பிழை இருந்தது. அதற்கேற்பப் புனைந்த படத்தைத் திறந்தால் யந்திரமும் திறந்துகொண்டது. கம்பெனி அந்தச் சந்தை அடைத்தது. ஆட்டம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.

திறந்த யந்திரத்தில் மக்கள் பெரிதும் விரும்பி இயக்கியது எது தெரியுமா? எமுலேட்டர். இச்சொல் ஐ.பி.எம். கூடத்தில் 1960-களில் பிறந்தது. 1964-இல் அறிவிக்கப்பட்ட ஸிஸ்டம்/360 என்னும் புது யந்திரத்தில் பழைய யந்திரங்களின் நிரல்களையும் ஓடச் செய்வதற்கான ஏற்பாடு அது. கம்பெனிக் காலத்துச் சென்னையிலிருந்த துபாஷியை நினைத்துக்கொண்டால் போதும். பழைய நிரல் தன் பாஷையில் ஒரு கட்டளை இடும். துபாஷி அதைப் புதிய யந்திரத்தின் பாஷையில் சொல்லிக் காரியத்தை முடிப்பான். கேம் பாய் போன்ற யந்திரத்துக்குத் துபாஷியாயிருப்பவன் நொடிக்குப் பல லட்சம் கட்டளைகளை மொழிபெயர்ப்பதோடு, திரையின் ஒவ்வொரு வரியும் எக்கணத்தில் வரையப்பட வேண்டும் என்பதையும் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாகாது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுக்களில் 100-க்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஆய்ந்து கூறியது. கேம் பாய் விளையாட்டுக்களில் கிடைப்பவை 100-க்கு 6 கூட இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ தன் இரு பழைய யந்திரங்களுக்கான இணைய அங்காடியை மூடிற்று. ஐ.பி.எம். விட்டுப்போனதை ஸி.எம்.ஸி. காத்ததுபோல, கம்பெனிகள் கைவிட்டவற்றை ஊதியம் கருதாத இவ்வார்வலர்களே காத்து வருகிறார்கள். அவர்களுடைய உழைப்பின் மறைவில் திருட்டுப் பிரதி விற்போரும் பிழைக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எமுலேட்டரும் திருட்டுப் பிரதியும் ஒன்றல்ல என்பதைச் சட்டமும் அறியும். பிளேஸ்டேஷனைப் போலச் செய்யும் நிரலை எழுதிய கனெக்டிக்ஸ் கம்பெனியின் பக்கமே 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 1999-இல் செய்யப்பட்ட திருத்தம், சட்டப்படி நிரலைப் பெற்றவர் அதன் இயக்கத்தைப் பரிசோதித்து அறியவும், முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து வாணிப நோக்கமின்றித் தம் சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்கவும் இடந்தருகிறது. 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு பூட்டுடைப்பைத் தண்டிக்கிறது. ஆனால் உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைப்பதையே தண்டிக்கிறது. ஊரார் விளையாட்டைப் பிரதியெடுத்துப் பரப்புவது குற்றம். தன் யந்திரத்தில் தான் எழுதிய நிரலை ஓட்டுவது வேறு.

அப்படி எழுத வேண்டிய நிரல் தமிழருக்கு ஒன்று இருக்கிறது. கேம் பாயைச் செய்தவர்கள் தமிழெழுத்தை எண்ணிப் பார்த்தவர்களல்லர். அதன் திரை குறுக்கே 160 புள்ளி, நெடுக்கே 144 புள்ளி. படமோ எழுத்தோ 8-க்கு 8 புள்ளியுள்ள ஓடுகளாகவே பதிக்கப்படும். ஆங்கில எழுத்து ஓர் ஓட்டில் அடங்கும். நம் ‘ண’கரத்தை அதற்குள் அடைத்தால் சுழிகள் ஒன்றையொன்று விழுங்கிவிடும், நான்கு ஓடு சேர்த்து 16-க்கு 16 புள்ளி கொடுத்தால்தான் தெளிவாகப் படிக்கலாம். தமிழ்த் தட்டச்சுப் பொறியின் உபாயம் இங்கும் உதவுகிறது. கொம்பையும் காலையும் தனியே வரைந்துகொண்டால் ‘கொ’வுக்கெனத் தனி உருவம் தேவையில்லை. ‘கி, கீ, கு, கூ’ வரிசைகளைத்தான் தனித்தனியே வரைய வேண்டும். அவ்வாறு கணக்கிட்டால் ஏறத்தாழ 125 உருவங்கள், 500 ஓடுகள். யந்திரம் ஒரே சமயத்தில் ஏற்றுக்கொள்வது 384 ஓடுகளே. ஆகையால் பக்கத்துக்கு வேண்டிய எழுத்துக்களை மட்டும் அவ்வப்போது ஏற்ற வேண்டும். நாச்சாரத்தில் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளரும் பிள்ளை, விடுமுறை நாட்களில் எழுதிவிடக்கூடிய நிரல்தான் இது. பத்துப் பத்து எழுத்தாக ஒன்பது வரி திரையில் தெரியும். சீருக்கொரு வரியாக ஒரு குறளை இட்டால் ஏழு வரி போக, அதிகாரத்தின் பெயருக்கும் குறளின் எண்ணுக்கும் இரண்டு வரி மிஞ்சும்.