மேலுறை மாறிய கிருமி

1911 ஆம் ஆண்டில் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வுக் கழகத்தைச் சார்ந்த பெய்டன் ரவுஸ் ஒரு செய்தியை வெளியிட்டார். கோழியின் உடலில் வளர்ந்த புற்றுக்கட்டியை அரைத்து, உயிரணு புக முடியாத நுண்வடிகட்டியில் வடித்து, அந்நீரைப் பிற கோழிகளுக்கு ஏற்றியபோது அவற்றுக்கும் கட்டி தோன்றியது என்பதே அச்செய்தி. அறிஞருலகம் நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1966இல், தம் 87ஆம் அகவையில்தான் அவர் நோபல் பரிசு பெற்றார்.

அக்கிருமியின் இயல்பை 1970இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே விளக்கினர். ஆர்.என்.ஏ. வடிவிலுள்ள தன் செய்தியை அது டி.என்.ஏ.யாகப் படியெடுக்கிறது. பின்னர் அப்படி, புகுந்த உயிரணுவின் மரபுத்தொகுதியிலேயே இணைந்துவிடுகிறது. ரெட்ரோ வைரஸ் எனப் பெயர் பெற்றது இவ்வினமே. நோய் செய்யும் எழுத்தை நீக்கி, நோயாளிக்குக் குறைவாயுள்ள மரபணுவை அங்கே வைத்தால் என்ன? 1983இல் மான், மல்லிகன், பால்டிமோர் ஆகிய மூவரும் வழி கண்டனர். கிருமியின் கூட்டை மட்டும் ஆக்கித் தரும் உயிரணுக்களை வளர்த்து, வேண்டிய மரபணுவை அக்கூட்டில் ஏற்றினர். உறை பழையது, கடிதம் புதியது என்க.

ஆயினும் எலியினத்துக் கிருமியின் மேலுறை மென்மையானது. செறிவூட்ட முயன்றால் சிதையும். 1993இல் பர்ன்ஸ், ஃப்ரீட்மன் முதலியோர், மாடு குதிரைகளின் வாயில் கொப்புளம் எழுப்பும் வேறொரு கிருமியின் உறைப்புரதத்தை அதற்கு அணிவித்தனர். கலப்புக் கிருமி உறுதி பெற்றது. பலவகை உயிரணுக்களிலும் புகுந்தது. 1996இல் நல்தினி, வெர்மா, ட்ரோனோ குழுவினர் அதே உறையை எய்ட்ஸ் கிருமிக்கு அணிவித்து, பிளவுறாத மூளை நரம்பணுக்களுக்கும் மரபணுவைக் கொண்டு சென்றனர். பசுத்தோல் போர்த்திய புலி என்று நாம் பழித்துரைப்பது இங்கு மெய்யாகவே நிகழ்ந்தது. புலிக்குப் பல் பிடுங்கப்பட்டிருந்தது என்பதே வேறுபாடு. இரத்தப் புற்றுக்கென 2017இல் ஐக்கிய அமெரிக்கா ஒப்புதல் அளித்த உயிரணு மருத்துவமும் இவ்வகைக் கிருமியால் ஆக்கப்பட்டதே.

இடையில் நிகழ்ந்த துயரத்தையும் கூறல் வேண்டும். எதிர்ப்பாற்றலின்றிப் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு எலியினக் கிருமியின் வழியே மரபணு அளித்து, அவர்கள் நலம் பெற்றதைப் பாரிசு நெக்கர் மருத்துவமனை அறிஞர்கள் 2000இல் அறிவித்தனர். உலகம் மகிழ்ந்தது. ஆனால் பாரிசிலும் இலண்டனிலும் இம்மருத்துவம் பெற்ற 20 குழந்தைகளுள் ஐவருக்கேனும் பின்னாளில் இரத்தப் புற்று கண்டது. ஒரு குழந்தை மாண்டது. மேலுறை பிழை செய்யவில்லை. கிருமி எவ்விடத்தில் இணையும் என்பது எவர் கையிலும் இல்லை. புற்றைத் தூண்டவல்ல மரபணுவின் அருகில் அது இணைந்தபோது, அதன் இருமுனைகளிலும் இருந்த விசைப்பகுதிகள் அம்மரபணுவை முடுக்கிவிட்டன.

அம்முனைகளைச் செயலிழக்கச் செய்யும் முறை 1986லேயே அச்சேறியிருந்தது! அம்முறையில் கிருமி குறைந்த அளவே கிடைத்தமையால் அது பின்னுக்குத் தள்ளப்பட்டது. காரணம் புரிகிறது, ஆயினும் மனம் அமைதி கொள்ளவில்லை.

முனை நீக்கிய கிருமியால் மருத்துவம் பெற்ற ஒன்பது குழந்தைகளைப் பற்றிய அறிக்கை 2014இல் வெளிவந்தது. முன்பே பற்றியிருந்த தொற்றால் ஒருவன் இறந்தான். எஞ்சிய எண்மருள் எவருக்கும் அதுவரை இரத்தப் புற்று தோன்றவில்லை.