விழுந்த பொட்டி ஏன் எழுந்திரிக்க மாட்டேங்குது?

போன மாசம் ஒரு சனிக்கிழமை. ஆணி எதுவும் இல்லாத நாளாச்சேன்னு இழுத்துப் போர்த்திக்கிட்டு தூங்கிட்டு இருந்தேன். ஏழு மணிக்கே அப்பா போன். "டேய், கரண்டு போயிட்டு வந்துச்சு. அதுலேர்ந்து கணக்கு திறக்க மாட்டேங்குதுடா."

கோவில்பட்டி பக்கம் சின்னதா ஹார்டுவேர் கடை வச்சிருக்கார். கணக்கு எழுத ஒரு மென்பொருள் (பேர் வேண்டாம்). ஐகானை க்ளிக் பண்ணினா கம்பெனி லோகோ ஒரு நொடி வருது, அப்புறம் ஒண்ணுமில்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டிருக்கார். அழிச்சுட்டு திரும்ப நிறுவச் சொன்னாங்களாம். நிறுவியும் அதே லோகோ, அதே மறைவு. அடுத்து, பொட்டியையே ஃபார்மேட் பண்ணிடுங்கன்னுட்டாங்க.

"ஏழு வருசத்துக் கடன் பாக்கி எல்லாம் அதுலதான்டா இருக்கு" என்றார். குரல்லே நடுக்கம் இருந்துச்சு. கொத்தனாருங்க வாங்கிட்டுப் போன சிமெண்டு, கம்பி... யார் எவ்வளவு தரணும்ங்கிறது வேறெங்கேயும் எழுதி வைக்கலை.

தூரத்திலிருந்தே அவர் திரையை என் மடிக்கணினியில திறந்தேன். முதல் வேலையா தரவு ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவுக்கு நகல் எடுத்தேன். அதுக்கப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன். கடைசியா எந்தத் திரை திறந்திருந்ததுன்னு மென்பொருள் குறிச்சு வைக்கிற குட்டிக் கோப்பு ஒண்ணு இருந்துச்சு. அளவு 0 பைட். அதை எழுதிட்டு இருக்கும்போதுதான் கரண்டு போயிருக்கு. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மென்பொருள் அந்தக் காலிக் கோப்பைப் படிக்கப் போய் செத்து விழுந்திருக்கு. அழிச்சு நிறுவினாலும் பயனரோட கோப்புகள்ல கை வைக்கிறதில்லை, அதனால அதுவும் பலிக்கலை. பேரை மாத்தினேன். திறந்துடுச்சு. மொத்தம் அரை மணி நேரம்.

அன்னிக்கு முழுக்க ஒரு கேள்வி மண்டையில குடைஞ்சிட்டே இருந்துச்சு. மென்பொருள் கிராஷ் ஆகுறது சரி, மனுசன் எழுதினது, விழத்தான் செய்யும். விழுந்தது ஏன் திரும்ப எழுந்திரிக்க மாட்டேங்குது? நோண்டிப் பார்த்தா இதுக்கு அம்பது வருசத்துக்குக் கிட்ட சரித்திரமே இருக்கு மக்கா.

யூனிக்ஸ் காலத்துல இருந்து வருவோம். ஒரே மோடத்தை ரெண்டு ப்ரோகிராம் ஒரே நேரத்துல பிடிச்சு இழுக்கக் கூடாதுன்னு பூட்டுக் கோப்பு வச்சாங்க. கோப்பு இருந்தா 'உள்ளே ஆள் இருக்கு'ன்னு அர்த்தம். வேலை முடிஞ்சா அழிச்சிட்டுப் போகணும். ஆனா உள்ளே போனவரு கிராஷ் ஆகிச் செத்துட்டா? பூட்டைத் திறக்க ஆளே இல்லை. வெளியே இருக்கிறவரு காத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். ஆரம்பத்துல 'பூட்டு ரொம்பப் பழசா இருந்தா உடைச்சிடு'ன்னு ஒரு விதி வச்சாங்க. 1983 வாக்குல ஹனிடான்பெர்ங்கிற யூயூசிபி பதிப்பு, பூட்டுக்குள்ளயே ப்ராசஸ் எண்ணை எழுதி வச்சது. அந்த எண்ணுள்ள ஆள் உயிரோட இருக்காரான்னு கர்னலைக் கேட்கலாம், இல்லேன்னா பூட்டை உடைக்கலாம். இதிலயும் ஒரு வில்லங்கம். ரீபூட் ஆனப்புறம் அதே எண் வேற யாருக்காவது போயிருந்தா, செத்தவர் உயிரோட இருக்கிற மாதிரியே தெரியும் :-)

அதே 1983ல் வந்த 4.2 பிஎஸ்டி இன்னொரு வழி காட்டுச்சு. பூட்டைக் கோப்பா வைக்காம கர்னல்கிட்டயே கொடுத்துடு. ப்ராசஸ் எப்படிச் செத்தாலும் பூட்டு தானா விட்டுப்போகும்.

பூட்டு மட்டும் போதுமா, உள்ளே இருந்த சரக்கு? 1970களின் கடைசியில பெர்க்லியில பில் ஜாய் எழுதின வி.ஐ எடிட்டர்ல இதுக்கும் ஏற்பாடு இருந்துச்சு. இயந்திரம் விழுந்து எழுந்தா, பாதியில நின்ன கோப்பைக் காப்பாத்தி வச்சிருக்கோம்னு உங்களுக்கு ஒரு மெயில் வரும். 'மைனஸ் ஆர்' போட்டுத் திறந்தா மீட்டுக்கலாம். முப்பது வருசம் கழிச்சு ஃபயர்பாக்ஸ் இதையே செஞ்சது. 2006 அக்டோபரில் வந்த ஃபயர்பாக்ஸ் 2, கிராஷுக்கு அப்புறம் பழைய பக்கங்களைத் திரும்பத் திறந்து கொடுத்துச்சு. எல்லாரும் கைதட்டினாங்க. ஆனா கிராஷுக்குக் காரணமே அந்தப் பக்கங்கள்ல ஒண்ணா இருந்தா? திறக்கும், அதே பக்கத்தைக் கூப்பிடும், விழும். மறுபடி திறக்கும், விழும். 2009ல் வந்த 3.5 பதிப்புலதான், அடுத்தடுத்து விழுந்தா பக்கங்களைப் பட்டியல் போட்டுக் காட்டி, எதெது வேணும்னு நம்மகிட்டயே கேட்கிற திரை வந்துச்சு.

சரி, இப்ப மெயின் மேட்டர். இந்த வியாதி உலகத்துல இல்லை, உலகத்தை விட்டு வெளியே வந்த கதை.

நாசாவோட ஸ்பிரிட் ரோவர் 2004 ஜனவரி 4 அன்னிக்குச் செவ்வாயில குசேவ் பள்ளத்துல இறங்குச்சு. அதோட மூளை 20 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 128 எம்பி ராம், 256 எம்பி ஃப்ளாஷ் மெமரி. ஜனவரி 21, செவ்வாய்க் கணக்குல 18வது நாள், திடீர்னு ஒழுங்கான பேச்சு நின்னுபோச்சு. கான்பெரா நிலையத்துல அன்னிக்கு இடி மழை. முதல்ல மழையாலதான்னு நினைச்சிருக்காங்க. இல்லை. ரோவர் தன்னைத்தானே ரீசெட் பண்ணிக்கிட்டே இருந்திருக்கு. அறுபது தடவைக்கு மேலே. ராத்திரி தூங்க வேண்டியது தூங்கலை, பேட்டரி கரைஞ்சுக்கிட்டே போச்சு. பேட்டரி தீர்ந்தா கதை கந்தல். பவர் பட்டனை அழுத்தலாம்னா அது பல கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு. நாம சொல்றது போய்ச் சேரவே சுமார் பத்து நிமிஷம்.

காரணம்? சுமார் ஏழு மாசப் பயணத்துல சேர்ந்த கோப்புகளும், இறங்கினப்புறம் சேர்ந்ததும் ஃப்ளாஷ்ல ஏராளம். அந்தக் கோப்பு முறை டாஸ் பாணி. அழிச்ச கோப்போட இடம் அட்டவணையில அப்படியே நிக்கும். பூட் ஆகும்போது அந்த மொத்த அட்டவணையையும் ராமுக்கு ஏத்தணும். ஒதுக்கின ராம் பத்தலை. அந்த வேலை நின்னுச்சு, ரீசெட். ரீசெட் ஆனதும் முதல் வேலை என்ன? திரும்ப அதே அட்டவணையை ஏத்துறது! அப்பாவோட 0 பைட் கோப்புக் கதையேதான்.

இதுல கொடுமை என்னன்னா, பழைய கோப்புகளை அழிக்க ஒரு சின்ன நிரலை 15வது நாளே அனுப்பியிருக்காங்க. ரெண்டு பாகத்துல ஒண்ணு மட்டும்தான் போய்ச் சேர்ந்துச்சு. மறுபடி அனுப்பத் திட்டமிட்ட நாள் 19. விழுந்தது 18.

மீட்டது எப்படி? நல்லவேளையா யாரோ புண்ணியவான் முன்கூட்டியே ஒரு வழி வச்சிருந்தார். 'முடமான நிலை'ன்னு ஒண்ணு. ஃப்ளாஷைத் தொடாமலேயே ராமை மட்டும் வச்சு பூட் ஆகச் சொல்ற கட்டளை. நம்ம விண்டோஸ் சேஃப் மோடுக்குச் சொந்தக்காரன்னு வச்சுக்கோங்க. எழுந்திரிச்சுது! தூங்க வைக்க இன்னொரு கட்டளை, அதோட பேரிலேயே 'தூங்கித் தொலையேன்டா'ங்கிற தொனி. திட்டத்தோட மிஷன் மேனேஜர்கள்ல ஒருத்தரான மார்க் ஆட்லர் இந்தக் கதையை எழுதியிருக்கார். ஜிஜிப், ஜெட்லிப் எழுதினவர்கள்ல ஒருத்தரும் இவரேதான்!

அவங்க அவசரப்பட்டு ஃபார்மேட் பண்ணலை. முதல்ல ஃப்ளாஷ்ல என்ன இருக்குன்னு பார்த்தாங்க, காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க, வேண்டியதை இறக்கிக்கிட்டாங்க, பிப்ரவரி முதல் வாரத்துலதான் துடைச்சாங்க. இதுக்கு நடுவுல ஜனவரி 25ல் இரட்டைச் சகோதரன் ஆப்பர்சூனிட்டி வேற இறங்குது. 90 நாளைக்குன்னு அனுப்பின ஸ்பிரிட் 2010 மார்ச் வரைக்கும் பேசுச்சு.

2003ல் ஸ்டான்ஃபோர்டில் கேண்டியாவும் ஃபாக்ஸும் ஒரு கட்டுரை எழுதினாங்க. நிறுத்துறதுக்குத் தனி வழியே வேண்டாம், விழுறதுதான் நிறுத்தம், விழுந்து எழுறதுதான் துவக்கம், அப்படியே மென்பொருளைக் கட்டுங்கன்னு. படிச்சப்போ திமிரா தெரிஞ்சது. இப்ப நியாயமா தெரியுது. எழுந்திரிக்கிற வழி தினமும் பழக்கத்துல இருந்தாத்தான் ஆபத்துக்கு வேலை செய்யும்.

நானும் பொட்டி தட்டுறவன்தான். திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் என் நிரலைத் திறந்து பார்த்தேன். அமைப்புக் கோப்பை நேரா மேலேயே எழுதிட்டு இருந்தேன். பாதியில கரண்டு போனா எவரோட அப்பாவோ காலையில ஏழு மணிக்குப் பிள்ளைக்குப் போன் போடுவார். புதுக் கோப்புல எழுதி, வட்டுக்குப் போயிடுச்சான்னு உறுதி பண்ணி, அப்புறம் பேர் மாத்துற மாதிரி திருத்தினேன். பழசு படிக்க முடியலேன்னா அதை ஒதுக்கி வச்சிட்டு வெறுமனே திறக்கவும் ஒரு வழி போட்டேன். மொத்தம் இருபது வரி.

அப்பா? அன்னிக்கு சாயங்காலமே நீளமா ஒரு அக்கவுண்ட் நோட்டு வாங்கியிருக்கார். மொத்த பாக்கியையும் கையால எழுதி முடிச்சுட்டாராம். "இது கரண்டு போனாலும் திறக்கும்டா" என்றார். என்னத்தைச் சொல்ல :-)

டிஸ்கி: உங்க பொட்டியிலும் ஏதாச்சும் திறக்கலேன்னா, அழிக்கிறதுக்கு முன்னாடி நகல். நகல் எடுத்தப்புறமும் அழிக்காதீங்க, பேரை மாத்துங்க.