பரிசோதனை அறிக்கையும் திருச்சபையும்

2016இல் குளியாப்பிட்டியவில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பாடசாலையில் சேர்க்க விடவில்லை. தகப்பன் எயிட்ஸில் இறந்தார் என்று ஊரில் கதை. பிள்ளைக்குத் தொற்று இல்லையென்று இரத்தப் பரிசோதனை காட்டியது. அறிக்கையை யார் பார்த்தார்கள்? அவன் வந்தால் எங்கள் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று பெற்றோர் நின்றார்கள். கடைசியில் அவனை ஏற்றுக்கொண்டது கண்டி திரித்துவக் கல்லூரி, 1872இல் அங்கிலிக்கன் மிஷனரிமார் தொடங்கிய பாடசாலை. அதன் சிற்றாலயச் சுவரில் டேவிட் பெயின்டர் தீட்டிய நல்ல சமாரியன் ஓவியம் உண்டு. சுவரில் இருந்தது அந்த ஆண்டு அனுமதிப் பதிவேட்டுக்கும் வந்துவிட்டது. எச்.ஐ.வி.யுடன் வாழும் பிள்ளைகளின் கல்வி உரிமையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்ததும் அதே ஆண்டில்தான்.

திருச்சபையின் பணி என்றதும் பலருக்கு ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். நியாயந்தான். 1986இல் சென்னையில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா சேகரித்து, தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பாதுகாத்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் சோதிக்கப்பட்டன, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அங்கேதான் முதலில் தெரியவந்தது.

ஆனால் இலங்கையில் எச்.ஐ.வி. மருந்தை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தம் கிளினிக்கில் சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் சேர்த்தே சோதிக்கப்படுகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. மத்திய கிழக்குக்குப் போகும் பெண்ணுக்கும் புறப்படுமுன் பரிசோதனை உண்டு. கொழும்புக் கடையில் வேலை பார்த்துவிட்டுப் பெருநாளுக்கு வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்துக்கு வரும் இளைஞனை மட்டும் யாரும் கேட்பதில்லை. அவனாகத்தான் கண்டிக்குப் பஸ் ஏற வேண்டும். கிளினிக் வாசலில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் பொழுது சாய்வதற்குள் லயன் முழுக்கக் கதை போய்விடும் என்ற பயம் அவனைத் தடுக்கிறது.

அந்த இளைஞன் எப்படியும் வந்தாக வேண்டிய இடம் ஒன்று திருச்சபையிடம் இருக்கிறது: திருமண ஆயத்த வகுப்பு. நைஜீரியாவிலும் கானாவிலும் சில சபைகள், எச்.ஐ.வி. அறிக்கை இல்லாமல் திருமணம் நடத்தமாட்டோம் என்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. தொற்றிய முதல் வாரங்களில் பரிசோதனையில் தெரியாமலும் போகலாம். தொற்று இருப்பது தெரிந்தாலோ, குருவானவரின் மேசைக்கு வந்த கடதாசி எத்தனை நாளைக்கு இரகசியமாக இருக்கும்? குளியாப்பிட்டியவில் நல்ல அறிக்கையே வதந்தியை வெல்லவில்லை.

உகண்டாவின் அங்கிலிக்கன் குருவானவர் கிதியோன் பியாமுகிஷா 1992இல் தனக்கே தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். இங்கே அவ்வளவு கூட வேண்டாம். ஒழுங்காக மருந்து எடுத்து, வைரஸ் இரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவால் தொற்று பரவாது, அவர் மணம் செய்யலாம், பிள்ளை பெறலாம் என்று வகுப்பில் சொன்னால் போதும். ஆணுறை என்று சொல்லக் கூசும் குருமாரும் இருக்கிறார்கள். கத்தோலிக்க சபைக்கு அதில் கொள்கைத் தடையே உண்டு. அப்படியானால் அந்த ஒரு மணித்தியாலத்தை மருத்துவமாதுவிடம் விட்டுவிட்டு வெளியே போய் நிற்கலாம்.