குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறீர்களா? பயமும் வலியும் குறைய இதையெல்லாம் செய்யுங்கள்!

வல்லம் வடகால், ஒரகடம் பக்கம் வாடகை வீட்டில் குடியிருக்கும் பெற்றோரா நீங்கள்? ஒருத்தருக்கு மார்னிங் ஷிப்ட், இன்னொருத்தருக்கு நைட் ஷிப்ட், தாத்தா பாட்டி சொந்த ஊரில். குழந்தைக்கு உடம்பு முடியலைன்னா, 'யார் லீவு போடுறது?' என்பதுதான் முதல் கவலை. அந்த அவசரத்தில் குழந்தையின் பயம் நம் கண்ணில் படுவதே இல்லை.

கூடவே இருங்கள்

ஒரு காலத்தில் பிரிட்டன் மருத்துவமனைகளில் பெற்றோர், பார்வை நேரத்தில் மட்டுமே குழந்தையைப் பார்க்க முடியும். அம்மாவைப் பிரிந்து எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-ல் படமாக்கினார். அந்தக் குழந்தையின் வாட்டம் பலரையும் யோசிக்க வைத்தது. பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும் என்று 1959-ல் பிளாட் குழு பரிந்துரைத்தது. நம்மூரில் அம்மா கூடவே தங்குவது வழக்கம்தான். ஷிப்ட் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வதாக இருந்தால், அடுத்து யார், எப்போது வருவார் என்பதைக் குழந்தையிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தூங்கும்போது நைசாக நழுவ வேண்டாம்.

'வலிக்கவே வலிக்காது' வேண்டாம்

வீட்டில் "அடம் பிடிச்சா டாக்டர் ஊசி போட்டுடுவாரு" என்று மிரட்டிவிட்டு, அங்கே போய் "வலிக்கவே வலிக்காது" என்றால் குழந்தை எதை நம்பும்? "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும், நான் பிடிச்சுக்கறேன்" என்பதே போதும். தடுப்பூசியின்போது கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பது வலியைக் குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளர்ந்த குழந்தையைப் படுக்க வைத்து அழுத்தாமல், மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம், சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை வரைந்த அட்டையைக் காட்டி வலியின் அளவைக் கேட்கும் முறையும் உண்டு.

எடை முக்கியம்

குழந்தைகளுக்கு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. கடைசியாகப் பார்த்த எடையையும், கொடுத்த மருந்தையும், நேரத்தையும் போனில் குறித்து வையுங்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் ஆபத்து. லேபிளைப் படித்து, டாக்டர் சொன்ன அளவை மட்டும் கொடுங்கள்.

ஷிப்ட் முடியக் காத்திருக்காதீர்கள்

பால், தண்ணீர் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, வலிப்பு வருகிறது, எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குகிறது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள். மூச்சையும் எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு, 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேக மூச்சு. டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர். ஆபத்தான நிலையில் நேராக அங்கே ஓடாமல், 108-ஐ அழையுங்கள். அருகிலுள்ள மருத்துவமனையில் முதலுதவி கிடைத்தபின், தேவைப்பட்டால் அவர்களே மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் இ.எஸ்.ஐ தொழிலாளர்களின் குழந்தைகளுக்கும் அதில் சிகிச்சை உண்டு. கார்டில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். காய்ச்சல் வந்த ராத்திரியில் ஹெச்.ஆர் போனை எடுக்க மாட்டார்!