கூட்டம் கலைந்த மறுநாள்



மக்கள் பெருந்திரளாகக் கூடுவது நம் கடலூர் மாவட்டத்துக்குப் புதிதன்று. சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் தேர் ஓடுகிறது. வடலூரில் தைப்பூசத்தன்று சோதி காண மக்கள் வெள்ளம் திரள்கிறது. இத்தகைய கூட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் யார் வந்தார், என்ன பேசினார் என்பதையே எழுதுவர். மறுநாள் அவ்விடத்தில் என்ன கிடந்தது என்பதை எழுதுவோர் அரியர். அதைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ஆம் ஆண்டில் தோன்றிய இராமலிங்க அடிகளார், 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. அக்காலப் பந்திகளில் உண்ட இலை மாட்டுக்கோ மண்ணுக்கோ போயிற்று. குடித்த செம்பைக் கழுவிக் கவிழ்த்தனர். அதை அவர்கள் ஒரு கொள்கையாகப் பேசவில்லை. வேறு வழி அவர்களுக்கு இல்லை, அவ்வளவே. பழையன யாவும் நல்லன என்றும் எண்ணிவிடாதீர்கள். சென்ற நூற்றாண்டுகளின் திருவிழாக் கூட்டங்கள் வாந்திபேதியையும் ஊருக்கு ஊர் கொண்டு சென்றன. தூய குடிநீர் வேண்டும் என்ற கவலை நியாயமானதே. அக்கவலைக்கு நாம் கண்ட விடைதான் பிழையாயிற்று.

1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், 1941-இல் தமிழிசை மாநாடு கூடிற்று; 1955-இல் அகில இந்தியக் கீழ்த்திசை மாநாடு கூடிற்று. இன்று கடைகளில் காணும் கைப்பிடி வைத்த பாலித்தீன் பைக்குச் சுவீடன் நாட்டு நிறுவனமொன்று காப்புரிமை பெற்றதோ 1965-இல்தான். ஆகவே அம்மாநாடுகள் அத்தகைய பையொன்றையும் விட்டுச் சென்றிருக்க வழியில்லை.

நான் விட்டுச் சென்றேன். 1998-ஆம் ஆண்டு கடலூரில் நடந்த ஆசிரியர் மாநாடு ஒன்றுக்கு நான் வரவேற்புக் குழுச் செயலர். வெயிலுக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான தண்ணீர்ப் பாக்கெட்டுகளை வரவழைத்தேன். மாநாடு முடிந்ததும் காலிப் பைகளை மைதானத்து மூலையில் குழி தோண்டிப் புதைத்தோம். இடம் துப்புரவாயிற்று என்று பாராட்டும் பெற்றேன். பதின்மூன்று ஆண்டுகள் சென்றபின், அதே மூலையில் வேப்பங்கன்று நட மாணவர்களை அழைத்துச் சென்றேன். மண்வெட்டியில் அப்பைகள் வந்தன, அச்செழுத்துக்கூட அழியவில்லை. முந்திய வாரந்தான் வகுப்பில் பானை ஓடுகளைக்கொண்டு காலத்தைக் கணிப்பது பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். ஒரு சிறுவன் பையொன்றை உதறி நீட்டி, "ஐயா, இது எந்தக் காலத்தது?" என்றான். "என் காலத்தது" என்றேன். அன்று கன்று நடவில்லை. மாலைவரை குழியைத்தான் கிளறிக்கொண்டிருந்தோம்.

2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தண்ணீர்ப் பாக்கெட், நெகிழிக் குவளை, உறிஞ்சுகுழல், நெகிழிக் கொடி ஆகியவற்றைத் தமிழக அரசு தடை செய்தது. தண்ணீர்ப் புட்டி அத்தடைக்குள் வரவில்லை. ஆகவே பாக்கெட் இருந்த மேசையில் புட்டி ஏறிற்று. குழாய் பொருத்திய பெரிய பாத்திரமும், கழுவி எடுக்கும் எவர்சில்வர் குவளையும், அவற்றைக் கழுவ நாலு ஆட்களும் இருந்தால் போதும். அந்த நாலு ஆட்களுக்குக் கூலி ஒதுக்கத்தான் எந்த வரவேற்புக் குழுவுக்கும் மனம் வருவதில்லை, எனக்கும் வரவில்லை.

பன்னாட்டு மாநாடுகளுக்கோ குப்பையினும் பெரிய சுமை, விமானங்கள் கக்கும் புகை. மாநாட்டுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே இச்சுமையின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. சிதம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கினால் பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போகலாம். 1941-இல் இசை கேட்க வந்தவர்களில் பலரும் அந்த ரயிலடியில்தான் இறங்கியிருப்பார்கள்.