அழுகை நின்றால் போதுமா?

மகளுக்கு மூன்றரை மாதத் தடுப்பூசி போட்டுவிட்டு அஞ்சுகிராமத்தில் மனைவி வீட்டுக்குத் திரும்பிய அன்று இரவு, வீட்டுக்குள் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. செவிலியர் சொன்ன பாராசிட்டமால் சொட்டு மருந்தைக் கொடுத்துவிடலாம் என்றாள் மனைவி. இத்தனை சின்னப் பிள்ளைக்கு மருந்து எதற்கு, கொஞ்ச நேரம் அழுது ஓயட்டுமே என்றேன் நான். மாமி இரண்டு பக்கமும் சேராமல் உரைகல்லை எடுத்து வைத்தார்.

“வசம்பும் சாதிக்காயும் ஒரு உரை உரைச்சி நாக்குல தடவுனா ஒறங்கிரும் மாப்ள. பண்டு எங்க அம்மையெல்லாம் கசகசா அரைச்சிக் குடுத்துட்டுதான் நடவுக்குப் போவாவ. சாயங்காலம் வரைக்கும் பிள்ள அனங்காது, கேட்டீளா?”

அந்த ‘அனங்காது’ என்ற சொல் என்னை விடவில்லை. வலி தீர்ந்துவிடும் என்று மாமி சொல்லவில்லை. பிள்ளை அசையாது என்றுதான் சொன்னார். நடவுக்குப் போகவேண்டிய தாய்க்குத் தேவைப்பட்டது அதுதான். அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது?

நாஞ்சில் நாட்டு வயலில் நடந்தது பம்பாய்ப் பஞ்சாலைகளில் இன்னும் பெரிய அளவில் நடந்தது. அங்கே கசகசா அல்ல, அபினேதான். ‘பாலகோலி’ என்று பெயர். குழந்தைக்கான உருண்டை. காலையில் ஒன்றைக் கொடுத்தால் தாய் ஆலையிலிருந்து திரும்பும்வரை குழந்தை மயங்கிக் கிடக்கும். 1920களின் தொடக்கத்தில் ஆலைப் பெண்களின் பேறுகால நிலையை ஆராய்ந்த பெண் மருத்துவர் பார்ன்ஸ், அவர்களின் குழந்தைகளில் ஏறத்தாழ எல்லோருக்குமே அபின் கொடுக்கப்படுவதாகப் பதிவு செய்தார். 1931இல் வெளிவந்த ராயல் தொழிலாளர் கமிஷன் அறிக்கையிலும் இந்த வழக்கம் பேசப்பட்டது. பெண்கள் அதிகம் வேலைபார்க்கும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று அந்தக் கமிஷன் பரிந்துரைத்தது. 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலைபார்க்கும் இடங்களில் குழந்தைகளுக்குத் தனி அறை கேட்க மாகாண அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. அபினுக்கு மாற்று இன்னொரு மருந்து அல்ல, ஒரு தொட்டில் அறை என்பது அப்போதுதான் சட்டத்துக்குப் புரிந்தது.

வெள்ளைக்காரர்கள் இதில் நம்மைவிட மேலானவர்கள் இல்லை. இங்கிலாந்தில் ‘காட்ஃப்ரேஸ் கார்டியல்’ அபின் கலந்த பானம். அமெரிக்காவில் 1849இல் வந்த ‘மிசஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்’பில் மார்ஃபின் இருந்தது. பசித்து அழக்கூடத் தெம்பில்லாமல் தூங்கித் தூங்கியே செத்த குழந்தைகள் ஏராளம். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் 1851இல் நாட்டிங்ஹாமில் பிறந்தது. பழைய தயாரிப்பில் ஆல்கஹாலும் உண்டு.

இது மாமி கட்சியின் வரலாறு. ‘அழுது ஓயட்டும்’ என்ற என் கட்சிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது இதைவிடக் கொடியது.

பச்சிளம் குழந்தைகளுக்கு வலி சரியாகத் தெரியாது என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. 1941இல் நியூயார்க்கில் மர்டில் மெக்ரா குழந்தைகளைக் குண்டூசியால் குத்திப் பார்த்து, பிறந்து சில நாளே ஆனவர்களில் சிலர் எதிர்வினையே காட்டவில்லை என்று எழுதினார். நரம்புகளின் மயலின் உறை முழுதாக வளராததால் வலி மூளைக்குப் போகாது என்று காரணம் சொன்னார்கள். உறை இல்லாவிட்டால் செய்தி மெதுவாகப் போகுமே தவிர, போகாமல் இருக்காது. பெரியவர்களுக்கே வலியைக் கடத்தும் நரம்பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த உறை கிடையாது.

இந்த நம்பிக்கை எதில் போய் முடிந்தது? 1985இல் வாஷிங்டனில் ஜெஃப்ரி லாசன் என்ற குறைமாதக் குழந்தைக்கு இதய அறுவை நடந்தது. அசையாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள், வலி தெரியாமல் இருக்க எதுவும் கொடுக்கவில்லை. சில வாரங்களில் குழந்தை இறந்துபோனது. உண்மை தெரிந்த தாய் ஜில் லாசன் அதை ஊரறியச் செய்தார்.

இங்கேயும் அதே சொல்தான். பிள்ளை அனங்காது.

கிட்டத்தட்ட அதே காலத்தில், இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் சிங் ஆனந்த், அறுவை முடிந்து வரும் குழந்தைகள் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று கேட்டார். குறைமாதக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான முறையோடு ஃபென்டனில் என்ற வலிநீக்கியையும் கொடுத்து, இரத்தத்தில் ஹார்மோன்களை அளந்தார். வலிநீக்கி பெற்றவர்களின் உடல் குறைவாகவே அலைக்கழிந்தது, பின்விளைவுகளும் குறைவு. 1987இல் ‘லான்செட்’ இதழ் அதை வெளியிட்டது. குழந்தையால் சொல்ல முடியாததை அதன் இரத்தம் சொன்னது.

நம் வீட்டில் இரத்தத்தை அளக்க முடியாது. ஆனால் பார்க்க முடியும். 1997இல் மிச்சிகனில் உருவான ‘ஃபிளாக்’ என்ற அளவுகோல் முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுகிறது. முதலில் பாலூட்டி, தோளில் போட்டு நடந்து பார்த்தோம். தேறவில்லை. முகம் சுளித்தபடி இருந்தது. ஊசி போட்ட தொடை சிவந்து தடித்திருந்தது, தொட்டால் காலை வெடுக்கென்று இழுத்தாள். என் கணக்கில் 7 வந்தது. ‘ஓயட்டும்’ என்று சொன்ன வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்தது அளவு. மென்பொருளில் அலகு மாறினால் புரோகிராம் விழும், இங்கே ஈரல். பாராசிட்டமால் எடைக்கு ஏற்பத்தான்: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 6 கிலோ பிள்ளைக்கு 60 முதல் 90. கையில் இருந்த சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம். அலமாரியில் இருந்த பழைய சிரப்பிலோ 5 மில்லியில்தான் 120. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் எடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். நோவு வருமுன்பே கொடுத்துவைப்பதும் சரியில்லை. அப்படிக் கொடுத்தால் காய்ச்சல் குறைகிறது, தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்புப் புரதமும் குறைகிறது என்று 2009இல் செக் நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. நோவு இருக்கும்போது, நோவுக்காக மட்டும். விடாமல் மூன்று மணிநேரம் அழுதாலோ துவண்டாலோ ஆஸ்பத்திரிதான்.

0.6 மில்லி கொடுத்தோம். அரைமணி நேரத்தில் சிணுங்கல் அடங்கியது. கண்ணை அகல விரித்து, மாமி முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

“பிள்ள ஒறங்கல்லியே மாப்ள,” என்றார் மாமி, கொஞ்சம் ஏமாற்றமாக.

“ஒறங்காண்டாம் மாமி. நோவு கொறஞ்சா போரும்.”

மாமி உரைகல்லைக் கழுவாமலே எடுத்து உள்ளே வைத்தார். அன்று அது நனையவில்லை.