செட்டிநாட்டுப் பொருள்களும் போலி விளம்பரமும்

செட்டிநாட்டுப் பெயரைச் சொல்லி விற்கும் போலி விளம்பரங்களில் இரண்டு குற்றங்கள் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஒன்று, அடுத்தவர் எடுத்த படத்தையும் எழுதிய வாசகத்தையும் கேட்காமல் எடுத்துத் தம் சரக்குக்கு ஒட்டிக்கொள்வது. மற்றொன்று, வாங்காதவரை வைத்து, வாங்கிப் பயன்படுத்தியவர் எழுதியதைப்போல இணையத்தில் பாராட்டு எழுதுவது. படம் ஆளை இழுக்கிறது. பாராட்டு அவரைக் காசு கட்ட வைக்கிறது. கண்டாங்கி சேலை, ஆத்தங்குடிப் பூக்கல், பனையோலைக் கொட்டான், மசாலாப் பொடி என, காரைக்குடி வட்டாரத்தின் பெயரால் விலைபோகும் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு.

கண்டாங்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அகலக் கரையும் கட்டமும் கோடும், மஞ்சள், அரக்கு, கறுப்பு என அழுத்தமான நிறங்களும் கொண்ட பருத்திச் சேலை இது. காரைக்குடிக் கைத்தறி நெசவாளர்களின் கூட்டுறவுச் சங்கம் விண்ணப்பித்ததன் பேரில், 2019 ஆகஸ்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இணையக் கடைகளில் இதே பெயரில் விசைத்தறித் துணியும், கட்டம் அச்சடித்த துணியும் விற்பனைக்கு வருகின்றன. விளம்பரத்தில் தறியும் நெசவாளியின் கையும் தெரியும். பார்சலில் வருவது வேறு. அச்சடித்த துணியைக் கண்டுபிடிப்பது எளிது: திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் நிறம் வெளிறியிருக்கும். சாயமிட்ட நூலில் நெய்த கட்டம் இரு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். விசைத்தறியைப் பிரித்தறிவதுதான் கடினம். கைத்தறியில் துணி குறுகாமல் இழுத்துப் பிடிக்கக் குச்சி ஒன்றைப் பொருத்தி, நெய்ய நெய்ய அதைக் கையால் நகர்த்துவார்கள். அதன் ஊசித் துளைகள் கரையோரம் விட்டு விட்டுத் தெரியும். விசைத்தறியில் அந்தத் தடம் முறியாமல் ஒரே சீராக ஓடும். இவற்றையெல்லாம் சேலையைக் கையில் வைத்துத்தான் பார்க்க முடியும். படத்தைப் பார்த்து வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. விற்பவர் சொல்லும் சொல்லை நம்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை.

ஆத்தங்குடிப் பூக்கல்லின் கதை சற்று வேறு. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சைப் பொருத்தி, ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்தபின் உலர் சிமென்ட்–மணல் கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை அழுத்திச் சமன் செய்வார்கள். கல் சூளைக்குப் போவதில்லை. காய்ந்தபின் தண்ணீரில் சில நாள் ஊறும். பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. கையால் ஊற்றுவதால் இரண்டு கற்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவதில்லை. இந்தப் பூவடிவங்களைச் செராமிக் ஓடுகளில் அச்சடித்து விற்கும்போது, ‘ஆத்தங்குடி டிசைன்’ என்று சொன்னால் அது ஓரளவு உண்மை. ‘ஆத்தங்குடியில் கையால் செய்தது’ என்று போட்டால் பொய். பல விளம்பரங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, வாங்குபவரே தவறாக எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகின்றன.

எது திருட்டு, எது திருட்டல்ல என்ற கோட்டை இங்கே தெளிவாகப் போட வேண்டும். தலைமுறைகளாகப் புழங்கும் கட்டத்துக்கும் பூவுக்கும் தனியொருவர் உரிமை கோர முடியாது. ஊர்ப் பெயரும் அப்படித்தான். ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் குறிக்கும் சொல்லைத் தனி வணிகச் சின்னமாகப் பதிய, 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. டெல்லியிலோ லண்டனிலோ ஒருவர் ‘செட்டிநாடு’ என்று பலகை மாட்டி உணவகம் நடத்துவது அதனால் மட்டும் குற்றமாகாது. புவிசார் குறியீடு பெற்ற பொருளின் பெயரை வேறு சரக்குக்குச் சூட்டுவதுதான் குற்றம். 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ள புவிசார் குறியீட்டுச் சட்டம் அதற்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. குறியீடு வாங்கிவிட்டாலே போலி நின்றுவிடாது. நெய்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தம்மைப் பதிந்துகொண்டு, மீறலைக் கண்டு புகாரும் செய்ய வேண்டும். தறியில் உட்கார்ந்தால்தான் கூலி என்ற நிலையில் உள்ளவருக்கு இது பெரிய சுமை. இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை அதுவே.

போலிக் கருத்துரைகளில் சில வகைகள் அடிக்கடி தென்படும். பார்சலுக்குள் சீட்டு வைத்து, ஐந்து நட்சத்திரம் போட்டால் பணம் திரும்பத் தருவதாகச் சொல்வது ஒன்று. பழைய பொருளின் பக்கத்தில் சேர்ந்த நல்ல மதிப்புரைகளை அப்படியே வைத்துக்கொண்டு, பொருளை மட்டும் மாற்றிவிடுவது இன்னொன்று. போட்டிக் கடைக்கு ஆள்வைத்து ஒற்றை நட்சத்திரம் போடுவதும் உண்டு. ஓரிரு நாளில் குவியும் பாராட்டுகள், ஒரே சொற்றொடரின் சிறு மாற்றங்கள், ஒரே பெயரில் ஒரே நாளில் வெவ்வேறு மாநிலக் கடைகளுக்கு எழுதிய கருத்துகள் ஆகியவை ஐயத்துக்கு உரியவை. சேலையைப் பற்றி எழுதியவர் கரையையோ கஞ்சியையோ முதல் சலவையில் சாயம் போனதையோ ஒரு வார்த்தை சொல்லாமல், ‘அருமை, விரைவான டெலிவரி’ என்று மட்டும் எழுதினால் அதற்கு மதிப்புக் குறைவு. இவற்றில் எதுவும் தனியே முடிவான சான்றாகாது. பல சேரும்போதுதான் ஐயம் வலுக்கும்.

விற்பவரே நுகர்வோர் வேடமிட்டு மதிப்புரை எழுதுவதை, 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் நேரடியாகத் தடை செய்கின்றன. மதிப்புரைகளைத் திரட்டுவதற்கும் சரிபார்த்து வெளியிடுவதற்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று தளம் சரிபார்க்க வேண்டும் என்கிறது அது. ஆனால் விரும்பினால் கடைப்பிடிக்கலாம் என்ற அளவில்தான் வெளியானது. பணம் வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2022 ஜூன் 9-இல் வந்த விளம்பர நெறிமுறைகளின் கட்டளை. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அமெரிக்காவில் போலி மதிப்புரைகளைத் தடை செய்யும் விதி 2024 அக்டோபரிலும், பிரிட்டனில் 2025 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன.

படத்தைத் திருடுவதைப் பிடிப்பது இவற்றைவிட எளிது. கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்தால் அதே படம் வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று ஓரளவு காட்டிவிடும். விளம்பரத்தில் ஒட்டிக்கொள்ளும், செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானின் வீட்டு முற்றத்தின் படமும் யாரோ ஒருவரின் உழைப்பு. எடுத்தவருக்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் துணை நிற்கிறது. அவர் எழுத்துமூலம் புகார் தந்தால், 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி இணையத் தளம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படத்துக்கான அணுகலைத் தடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். ஒரு விளம்பரத்தின் அமைப்பு, வாசகம், முழக்கம், இசை ஆகியவற்றை இன்னொன்று ஒற்றியெடுத்தால், 1985-இல் தொடங்கிய இந்திய விளம்பரத் தரநிலை மன்றத்திடம் புகார் செய்யலாம். அது விளம்பரத் துறையினரே அமைத்துக்கொண்ட அமைப்பு. விளம்பரத்தை மாற்றவோ நிறுத்தவோ சொல்லும், இழப்பீடு வாங்கித் தராது.

ஏமாந்து வாங்கியவருக்கு முதல் படி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது, சிவகங்கையில் உள்ளதைப் போன்ற மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விளம்பரப் பக்கத்தையும் மதிப்புரைகளையும் தேதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். புகார் போனதும் முதலில் காணாமல் போவது அந்தப் பக்கம்தான்.